எஸ்தரின் கணினி பேசாமல் போன திங்கட்கிழமை

"சார், சிஸ்டத்துல சத்தம் வரல" என்று போன் வந்தால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சர்வர் படுத்துவிட்டது என்றால் ஓடுவீர்கள். ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர் நின்றுவிட்டது என்றால் சாப்பாட்டுக் கேரியரைப் பாதியில் மூடிவிட்டுப் போவீர்கள். சத்தம் வரவில்லை என்றால் மட்டும், பாட்டு கேட்க இவ்வளவு அவசரமா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அந்தப் புகாரை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவீர்கள். அதில் பெரிய தப்பும் இல்லை. ஒரு ஷூ கம்பெனியில் கணினிக்குச் சத்தம் எதற்கு? பில் போடவும் மெயில் பார்க்கவும் கண் போதும்.

எங்கள் ஸ்டோரில் ஒருவர் இருந்தார். கிரிக்கெட் நடக்கும் நாளில் மட்டும் அவருடைய கணினியில் சத்தம் போய்விடும். முதல் முறை போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் ஒயரையே காணோம். புது ஒயர் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மேட்சுக்கு அதுவும் காணாமல் போனது. நான் மேசைக்கு அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் இருந்த அவருடைய மேலதிகாரி என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். தன் டிராயரை லேசாகத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு ஒயரும் அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. "மேட்ச் முடியட்டும், குடுத்துடறேன்" என்றார் மெதுவாக. கணினியைக் கழற்றுவதற்கு முன்னால் பக்கத்து மேசைக்காரரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஓட்டிய புகார்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் என்னை வியர்க்க வைத்தது. புதிதாக இந்தக் கணினிப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையும் அந்தத் திங்கட்கிழமைக்குள்ளேயே அடங்கிவிடும்.

எஸ்தர் என்று ஒரு பெண்ணை எங்கள் ஏற்றுமதி டெஸ்பேட்ச் அலுவலகத்தில் ப்ரொபேஷனில் எடுத்திருந்தார்கள். ஆம்பூர்ப் பெண். என் மகள் வயது. அம்மா வேறொரு கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தார். எஸ்தருக்குப் பிறந்ததிலிருந்தே கண் பார்வை கிடையாது. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியிருந்தாள், டைப்பிங்கில் அந்த அலுவலகத்திலேயே அவள்தான் வேகம். வெளிநாட்டு ஏஜெண்டுகளிடமிருந்து வரும் மெயில்களைப் பார்த்துப் பதில் போடுவது அவள் வேலை.

எப்படிப் பார்ப்பாள் என்று கேட்பீர்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நான்தான் அவளுடைய கணினியில் போட்டுக்கொடுத்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். மௌஸைத் தொடவே மாட்டாள், எல்லாம் கீபோர்டுதான். ஒருமுறை அந்த ஹெட்போனை வாங்கி நான் கேட்டுப் பார்த்தேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேர் சொல்லிக் கூவும் கண்டக்டர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் என் காதுக்குள் கூவியதுபோல் இருந்தது. "இது உனக்குப் புரியுதாமா?" என்றேன். "இதுவே கம்மி ஸ்பீடு சார். காலைல தூக்கம் போவலன்னு கொறச்சி வெச்சிருக்கேன்" என்றாள்.

அந்த அலுவலகத்துக்குத் தாமோதரன் பொறுப்பு. நல்ல மனிதர். ஆனால் கவலைப்படுவதுதான் அவருடைய பாதி வேலை. கண்டெய்னர் ஆம்பூரை விட்டுக் கிளம்பும்வரை சோறு இறங்காது. கிளம்பிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதா என்று கவலைப்படுவார்.

அந்தத் திங்கட்கிழமை நான் லீவு முடிந்து வந்திருந்தேன். கணியம்பாடியில் என் தங்கை வீட்டுக் கல்யாணம். வாயில் இன்னும் வெற்றிலைச் சிவப்பு போகவில்லை. நாற்காலியில் உட்காருவதற்குள் போன்.

"மூர்த்தி, எஸ்தர் சிஸ்டத்துல சத்தம் வரல. உடனே வா."

தாமோதரனின் குரலே சரியில்லை. நான் போனபோது அலுவலகத்தில் அவரும் எஸ்தரும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் கீழே லோடு ஏற்றும் இடத்துக்குப் போயிருந்தார்கள். தாமோதரன் இன்டர்காம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். எஸ்தர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

விஷயம் இதுதான். கீழே கண்டெய்னரில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரே மாடல் ஷூ, கறுப்பிலும் பழுப்பிலும். அதில் ஏதோ ஒரு நிறத்தின் பெட்டியில் ஒட்டிய சைஸ் ஸ்டிக்கர் தப்பு என்று வெளிநாட்டு ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்திருந்தது. எது என்று சரிபார்த்துத் திங்கட்கிழமை காலைக்குள் மெயில் போடுகிறேன் என்று வெள்ளிக்கிழமை எழுதியிருந்தார். அந்த மெயில் எஸ்தரின் கணக்குக்குத்தான் வரும். ஒரு வாரமாக அந்த ஆளோடு எழுதிக்கொண்டிருந்தவளும் அவள்தான். தப்பான பெட்டி கப்பல் ஏறிவிட்டால் அங்கே போய் ஸ்டிக்கர் மாற்ற முடியாது. முழுச் சரக்கும் திரும்பி வரும்.

எஸ்தரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். மௌஸைப் பிடித்தேன். நமக்குக் கை தானாக ஓடுமே, அப்படி ஓடியது. அங்கே ஒரு க்ளிக், இங்கே ஒரு க்ளிக், ஒன்றைத் திறப்பது, ஒன்றை மூடுவது. எஸ்தர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இன்னா பண்றீங்க?"

"பாத்துக்கினு இருக்கேன்மா."

"நீங்க பாக்கறது எனக்குத் தெரியாது சார். சொல்லிக்கினே பாருங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் என் கை நின்றுவிட்டது. அதுவரை எத்தனையோ பேருடைய கணினியில் உட்கார்ந்து, அவர்களைத் தோளுக்குப் பின்னால் நிற்கவைத்து வேலை பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் குறைந்தபட்சம் திரையையாவது வேடிக்கை பார்த்தார்கள். இவளுக்கு, தன்னுடைய மேசையில் யாரோ உட்கார்ந்து எதையோ தட்டும் ஓசை மட்டும்தான்.

அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். "ஒயரைப் பாக்கறேன், சரியா இருக்கு. ஹெட்போனை என் செல்போன்ல சொருகிப் பாக்கறேன், நல்லாத்தான் இருக்கு. இப்ப சிஸ்டத்தை அணைச்சிப் போடப்போறேன்." வாயால் சொல்லத் தொடங்கியதும் ஒன்று கவனித்தேன். தேவையில்லாமல் செய்துகொண்டிருந்த பாதி வேலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டேன். நீங்களும் செய்து பாருங்கள், நேரம் மிச்சமாகும்.

அணைத்துப் போட்டும் சத்தம் வரவில்லை. இன்டர்காம் அடித்தது. தாமோதரன் எடுத்துக் கேட்டுவிட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"லாரிக்காரன் கத்றான். அடுத்தது எந்தப் பொட்டிய ஏத்தறதுன்னு கேக்கறாங்க. இன்னும் எவ்ளோ நேரம் மூர்த்தி?"

நம் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "அஞ்சு நிமிஷம் சார்." எத்தனை அஞ்சு நிமிஷம் சொல்லியிருப்போம். என் வாயிலும் அது வந்துவிட்டது. ஆனால் உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். அவர் அந்த வார்த்தையை நம்பி லாரியை நிறுத்திவைப்பார், அல்லது நம்பாமல் விட்டுவிடுவார். இரண்டுக்கும் நான் காரணமாவேன்.

"தெரியல சார்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்காமல் எஸ்தர் பக்கம் திரும்பினேன். "இப்ப உனக்கு இன்னா வேணும்மா? சத்தமா, மெயிலா?"

"மெயில் சார்" என்றாள் உடனே.

அவ்வளவுதான். மௌஸை விட்டுவிட்டு எழுந்தேன். வந்ததிலிருந்து நான் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கீழே லாரிக்கு வேண்டியது சத்தம் இல்லை, ஒரு நிறத்தின் பெயர். அதைத் திரையில் பார்த்துப் படிக்க எனக்குக் கண் இருக்கிறது. தாமோதரனுக்கும் கண் இருக்கிறது. அவர் ஏன் படிக்கவில்லை என்று அப்புறம் கேட்டேன். கணினியின் மேல் நம் பிரிவு ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினார். 'பழுது என்றால் யாரும் தொட வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.' நாமே ஒட்டியது.

எஸ்தரை உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "நீ கீபோர்டை ஓட்டு. நான் படிக்கறேன். இன்னிக்கி நான்தான் உன் மென்பொருள்."

"ஸ்பீடு ஜாஸ்தி பண்ணிக்கலாமா சார்?" என்றாள். அந்த நிலைமையிலும் தாமோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் கை கீபோர்டில் போனது. பாஸ்வேர்டு போட்டாள், மெயிலைத் திறந்தாள். நான் படித்தேன். ஏஜெண்டின் மெயில் இருந்தது. வணக்கம், வானிலை, வாரக்கடைசி எப்படி இருந்தது என்பதையெல்லாம் தாண்டி விஷயத்துக்குப் போனேன்.

"பழுப்பு. பழுப்பு நிறப் பெட்டியில்தான் ஸ்டிக்கர் தப்பாம். அதை நிறுத்தச் சொல்றாரு."

தாமோதரன் ரிசீவரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இருங்க சார்" என்றாள் எஸ்தர். "மூர்த்தி சார், நீங்க முழுசா படிக்கல. எப்ப வந்த மெயிலு அது?"

"ராத்திரி வந்திருக்கும்மா."

"அதுக்கு அப்புறம் வந்தது எதுனா இருக்குதா பாருங்க. இந்த ஆளு ஒரு மெயில்ல நிறுத்தமாட்டாரு. ஒண்ணு போடுவாரு, அப்புறம் யோசிப்பாரு, அப்புறம் இன்னொண்ணு போடுவாரு."

பார்த்தேன். அவள் பெயருக்கு வந்த மற்ற மெயில்களுக்கு நடுவில் அதே ஆளிடமிருந்து இன்னொன்று இருந்தது. தலைப்பே போடவில்லை. அதனால்தான் என் கண்ணுக்குப் படவில்லை. திறந்தோம். இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மன்னிக்கவும், நான் பட்டியலை மாற்றிப் பார்த்துவிட்டேன், பழுப்பு சரி, கறுப்புதான் தப்பு என்று எழுதியிருந்தார்.

"கறுப்பு சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தாமோதரன் ஒரு கணம் என்னையும் எஸ்தரையும் பார்த்தார். பிறகு இன்டர்காமில் சொன்னார்: "கறுப்பை நிறுத்து. ஏத்தினதையும் இறக்கு. பழுப்பு போவட்டும். ஆமா, கறுப்பு. நல்லா கேட்டுக்க, கறுப்பு."

எஸ்தர் அதற்குள் பதில் மெயிலைத் தட்டத் தொடங்கியிருந்தாள். சொன்னபடி கறுப்பை நிறுத்திவிட்டோம், ஸ்டிக்கர் மாற்றி அடுத்த கண்டெய்னரில் அனுப்புகிறோம், இனிமேல் திருத்தம் எழுதும்போது தலைப்பில் திருத்தம் என்று போட்டால் உதவியாக இருக்கும். மரியாதையாகத்தான் எழுதினாள். ஆனால் அந்தக் கடைசி வரியை அனுப்பலாமா என்று நான் தயங்கினேன். "அனுப்பலாம் சார், அவரு நல்லவரு, கோச்சிக்கமாட்டாரு" என்று அவளே பொத்தானை அழுத்திவிட்டாள்.

கறுப்பையெல்லாம் இறக்கி முடித்து லாரி கிளம்பிய ஓசை ஜன்னல் வழியாகக் கேட்டது. தாமோதரன் டீ சொன்னார். இனிமேல்தான் சத்தத்தைத் தேட வேண்டும். ஆனால் இப்போது என் முதுகில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அவசரத்தை முதலில் இறக்கி வைத்துவிட்டு அப்புறம் பழுதைப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் இரண்டும் கீழே விழும்.

டீயைக் குடித்துக்கொண்டே எஸ்தர் சொன்னாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் கெளம்பற வரைக்கும் நல்லா பேசிக்கினு இருந்துச்சி சார். அதுக்கும் இன்னிக்கும் நடுவுல இன்னா மாறிச்சி?"

"ஒண்ணும் மாறலியே" என்றார் தாமோதரன். "சனிக்கெழம ஆளுங்க வந்து மானிட்டர் மட்டும் மாத்திட்டுப் போனாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"எந்த மானிட்டர் சார்?"

"எல்லாருக்கும்தான். வெளிநாட்டுக்காரங்க வராங்கன்னு ரூமுக்கே புதுசு போட்டாங்க. உன் டேபிள்லயும் இருக்குதே, பெருசா."

எஸ்தர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கையை மெதுவாக முன்னால் நீட்டினாள். புதுத் திரையின் விளிம்பு அவள் விரலில் பட்டது. இரண்டு கையாலும் அதன் அகலத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா பெருசாத்தான் இருக்கு" என்றாள். "யாருமே எங்கிட்ட சொல்லலியே."

தாமோதரன் தன் மேசையில் இருந்த புதுத் திரையைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து வந்து போன எல்லாரும் புதுத் திரையைத் தங்கள் மேசையில் நின்று அழகு பார்த்திருப்பார்கள். இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானும் வந்ததிலிருந்து அந்தத் திரையைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது புதிது என்று என் மண்டையில் ஏறவே இல்லை. ஹெட்போன் ஒயருக்கு மேலே என் கண் போகவில்லை.

மானிட்டர் புதிது என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். புதுத் திரையின் ஒயர் படத்தோடு சத்தத்தையும் சுமந்துகொண்டு போகும் வகை. அதைச் சொருகிய உடனே கணினி, சத்தத்தையும் அங்கேயே அனுப்புவோம் என்று தானாக முடிவுசெய்துவிட்டது. அந்தத் திரைக்கு ஸ்பீக்கரே கிடையாது. காலையிலிருந்து அந்த மென்பொருள் பாவம், ஒரு ஊமைத் திரைக்குள் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் சொல்லிக்கொண்டே ஓர் இடத்தில் மாற்றினேன். ஹெட்போனில் கண்டக்டர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூவினார்கள். எஸ்தர் அதைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெகுநாள் கழித்து ஊரிலிருந்து வந்த தோஸ்தைப் பார்த்ததுபோல் சிரித்தாள்.

"அப்போ மத்த சிஸ்டத்துலயும் சத்தம் போயிருக்கணுமே சார்" என்றாள்.

அந்த அறையில் இருந்த எல்லாக் கணினியையும் போட்டுப் பார்த்தேன். எல்லாமே ஊமை. தாமோதரனுடையதும்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷம் போனாலும் தெரிந்திருக்காது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். இதுவரை நடந்தது பழுது பார்த்த கதை. அன்று மத்தியானம் ஃபேக்டரி மேனேஜர் அன்வர் சார் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். எஸ்தரை வேலைக்கு எடுத்தவர் அவர்தான்.

"லாரி லேட்டு" என்றார். "அதுக்காக கூப்பிடல. லாரி என்னிக்குத்தான் டைமுக்குப் போச்சி. எஸ்தருக்கு இந்த மாசத்தோட ப்ரொபேஷன் முடியுது. தாமோதரன் ஒரு பேச்சு சொல்றாரு. நீங்களும் கேளுங்க."

தாமோதரன் எழுந்து நின்றே பேசினார். "பொண்ணு வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது சார். இன்னிக்கி அது கேக்கலன்னா நாங்க பழுப்பை எறக்கிட்டு கறுப்பை அனுப்பியிருப்போம். அது வேற. ஆனா இந்த மாதிரி இன்னொரு நாள் ஆச்சின்னா? அன்னிக்கி மூர்த்தி லீவுன்னா? நான் யாரைப் போய் கேப்பேன்? எனக்கு அதான் பேஜாரா இருக்குது."

அவர் எஸ்தரின் முன்னாலேயே அதைச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அதனால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

அன்வர் சார் என்னைப் பார்த்தார். "மூர்த்தி, இது மறுபடி ஆவாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே கையெழுத்து போட்டுடறேன்."

எவ்வளவு சுலபமான கேள்வி. 'ஆவாது சார்' என்றால் முடிந்தது. அவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது, பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். தாமோதரனும் நிம்மதியாகப் போவார். எஸ்தருக்கு வேலை நிரந்தரமாகும். பொய்யென்றாலும் நல்லதுக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே நிச்சயமான விஷயம், அது மறுபடியும் நிற்கும் என்பதுதான். நான் இன்றைக்கு ஆவாது என்று சொல்லி, அது ஒரு நாள் ஆகிவிட்டால், அன்றைக்குக் கேள்வி கணினியைப் பற்றி இருக்காது. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இருக்கும்.

"ஆவும் சார்" என்றேன்.

எஸ்தரின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"மறுபடியும் ஆவும். எப்போன்னு தெரியாது. ஆனா ஆவும். கட்டிங் செக்‌ஷன்ல மிஷினு நிக்கறதே இல்லியா சார்? நின்னா அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பறோமா? பக்கத்துல இன்னொரு மிஷினை வெச்சிருக்கோம், நகந்து உக்காருப்பான்னு சொல்றோம். இந்தப் பொண்ணுக்கு நாம பக்கத்து மிஷினே வெக்கல. அதான் இன்னிக்கி நடந்தது."

அன்வர் சார் பேனாவை மூடினார். மூடிய ஓசை கேட்டது. "சரி. இதுக்குப் பக்கத்து மிஷினு இன்னா?"

"அது எனக்குத் தெரியாது சார். அவளைத்தான் கேக்கணும்."

எஸ்தர் அன்வர் சாரின் குரல் வந்த பக்கம் திரும்பினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். யூ.எஸ்.பி.யில் சொருகினால் தானே தனியாகச் சத்தம் தரும் ஹெட்போன் ஒன்று வருகிறது, கணினியின் சத்தம் போனாலும் அது பேசும், அதை டிராயரில் வைத்துக்கொள்வேன். தாமோதரன் சார் கணினியிலும் அதே மென்பொருளைப் போட்டு வைத்தால், என்னுடையது படுத்தால் அங்கே போய் உட்காருவேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள்.

"இன்னொண்ணு சார். என் டேபிள்ல எது மாத்தினாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. டம்ளரை நவுத்தி வெச்சாக்கூட. மத்தவங்க வந்ததும் பாத்து தெரிஞ்சிக்குவாங்க. எனக்குச் சொன்னாத்தான் தெரியும்."

அன்வர் சார் தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்று உடனே நினைவு வந்து, "சரிம்மா, சரி" என்றார் சத்தமாக. "டம்ளர் சரி. அந்தப் புது மானிட்டரை இன்னா பண்றது?"

"எனக்கு வேணாம் சார். கண்ணு கம்மியாத் தெரியறவங்க யாருக்குனா குடுங்க."

"எனக்கு ரெண்டாவதா ஒண்ணு குடுங்க" என்றார் தாமோதரன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "எழுத்தே தெரியல எனக்கு."

"எஸ்தர், ஒரேயடியா எடுத்துடாத. பழைய சின்னது ஒண்ணு இருக்கட்டும்" என்றேன் நான். "ரிப்பேருக்கு வர்ற எங்களுக்குக் கண்ணு இல்லாம ஒண்ணும் ஓடாது."

"சரி சார். உங்களுக்காக வெச்சிக்கறேன். நீங்கல்லாம் கஷ்டப்படக் கூடாதில்ல" என்றாள். அன்வர் சார் சிரித்த சிரிப்பு வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்து மூன்று பேரும் வராண்டாவில் நடந்தோம். தாமோதரன் அவசரமாக முன்னால் போய்விட்டார், லாரி எங்கே இருக்கிறது என்று கேட்க. எஸ்தர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க 'ஆவும்'னு சொன்னப்போ வேலை போச்சின்னே நெனச்சிட்டேன் சார்."

"நானும்தான்மா."

"ஆனா ஒண்ணு. நீங்க ஆவாதுன்னு சொல்லியிருந்தா, நானே எந்திரிச்சி ஆவும்னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க."

அவளை அவளுடைய நாற்காலி வரை கொண்டுவிட்டு என் இடத்துக்குப் போனேன். அவளைக் காப்பாற்றியவன் நான்தான் என்று அந்த வராண்டாவின் பாதி தூரம் வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். மீதி தூரத்தில் அது கரைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவளுடைய கணினியில் சத்தம் பலமுறை போனது. மென்பொருள் புதுப்பிக்கும்போது ஒரு தடவை. அலுவலகத்துக்கு வெள்ளையடித்தபோது ஒரு தடவை. ஏன் என்றே தெரியாமல் ஒரு தடவை. முதல் முறை அது நடந்தது ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் ஒரு கண்டெய்னர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் போன் வரவில்லை. தாமோதரனின் குரல் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் முன் மெயிலைப் பார்த்தபோதுதான் எஸ்தரிடமிருந்து ஒன்று வந்திருந்தது தெரிந்தது. காலையிலேயே வந்த மெயில்.

"சார், கம்ப்யூட்டரில் சத்தம் போய்விட்டது. டிராயரில் இருந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன். அவசரம் இல்லை. நேரம் கிடைக்கும்போது வாருங்கள்."

இத்தனை வருஷ வேலையில் எனக்கு வந்த புகார்களிலேயே என் மனதுக்கு நிறைவாக இருந்தது அதுதான். நான் கேரியரைத் திறந்து, உட்கார்ந்து, முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அப்புறம்தான் போனேன்.